உச்சுக்கொட்டும் ஆங்கிலம்

ஆங்கிலக் கதைகளைச் சத்தமாகப் படிக்கும் பிள்ளைகள் ‘டட் டட்’ என்று அச்சில் உள்ளபடியே வாசித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை. அந்த எழுத்துகள் குறிப்பது டகரத்தையே அல்ல. நாம் உச்சுக்கொட்டும்போது வருகிற அதே ஒலியைத்தான்.

உச்சுக்கொட்டும்போது வாய்க்குள் நடப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? நுனிநாக்கு மேல்பல்லின் பின்னால் ஒட்டிக்கொள்கிறது. அடிநாக்கு அண்ணத்தின் பின்பக்கத்தை அடைத்துக்கொள்கிறது. நடுவில் கொஞ்சம் காற்று அகப்படுகிறது. நாக்கு சற்றே கீழிறங்கி, நுனியை விடுவித்ததும், வெளிக்காற்று ‘ச்சு’ என்று உள்ளே பாய்கிறது. தமிழிலும் ஆங்கிலத்திலும் மற்ற ஒலிகளெல்லாம் நுரையீரலிலிருந்து வெளியேறும் காற்றில் பிறப்பவை. இதற்கு நுரையீரலே வேண்டாம். மூச்சைப் பிடித்துக்கொண்டும் உச்சுக்கொட்டலாம், செய்து பாருங்கள்.

26 எழுத்துகளில் இதற்கு இடமில்லை. அதனால் ஆங்கிலேயர் ‘டட்’ என்று எழுதிவைத்தார்கள்; ஷேக்ஸ்பியர் நாடகங்களிலேயே அது உண்டு. 20ஆம் நூற்றாண்டில், உயிரெழுத்தே இல்லாத ‘ட்ஸ்க்’ அச்சேறியது. எழுத்தைப் பார்த்துப் பழகி, ஆங்கிலேயரே பலர் இன்று ‘டட் டட்’ என்று அப்படியே சொல்கிறார்கள். எழுத்து ஒலியை விழுங்கிவிட்டது என்பேன். தென்னாப்பிரிக்காவின் கோசா மொழியிலோ இது முழு மெய்யொலி. ரோமன் வரிசையின் ‘சி’ எழுத்தை இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். நெல்சன் மண்டேலாவின் தாய்மொழி அது.

ஒலி ஒன்றுதான், பொருள் ஊருக்கு ஊர் வேறு. ஆங்கிலேயர் இரண்டு முறை கொட்டினால் பெரும்பாலும் கண்டனம்: வரிசையில் நடுவே புகுந்தவரைப் பார்த்து, சிந்திச் சிதறிச் சாப்பிடும் பிள்ளையைப் பார்த்து. சிலவேளை பரிவும் உண்டு. நம்மிடம் பரிவுதான் முதலில். இளவயதுச் சாவு என்று கேள்விப்பட்டதும், “ச்சு... ச்சு... எத்தனை பிள்ளைங்க?” என்று வாசலில் நிற்கும் பெண்கள் கேட்பார்கள், துக்கம் விசாரிப்பதே அந்த ஒலியில்தான் தொடங்குகிறது. துருக்கியிலும் கிரேக்கத்திலும் தலையைப் பின்னுக்குச் சொடுக்கி ஒருமுறை கொட்டினால் ‘இல்லை’ என்று அர்த்தம். கேட்ட சரக்கு கடையில் இல்லை என்பதற்கு அந்த ஒன்றே போதும்.

ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாடத்தில் ‘டட் டட்’ வந்தால் எழுத்துக்கூட்ட விடாதீர்கள், உச்சுக்கொட்டச் சொல்லுங்கள். நம் பிள்ளைகளுக்கு அது ஏற்கெனவே தெரியும்.