துணி சிவந்தா நிறுத்திடுங்க பாஸ்!

உங்க வீட்டுல கார் இருக்கா? இல்லாட்டி சித்தப்பா கார், மாமா கார், ஃப்ரெண்டோட அப்பா கார்னு ஏதோ ஒண்ணு இருக்கும்ல? செமஸ்டர் லீவுல ஊருக்குப் போனா, 'சும்மாதானே கிடக்கே... காரைக் கொஞ்சம் துடைச்சு வையேன்'னு ஒரு குரல் கட்டாயம் வரும். அப்போ ஆர்வக் கோளாறுல எதையாச்சும் எடுத்துத் தேய்க்கறதுக்கு முன்னாடி, என் கதையைக் கேட்டுட்டுப் போங்க.

2010. நான் செகண்ட் இயர் மெக்கானிக்கல். திருச்சியில எங்க வீட்டுக்கு முதல் கார் வந்து ஆறு மாசம் ஆகியிருந்தது. செகண்ட் ஹேண்ட் மாருதி 800. ஆர்.சி. புக்குல சிவப்பு கலர். நேர்ல பார்த்தா, பானெட்டும் கூரையும் வெயில்ல வெளுத்து, சாயம் போன ரோஸ் கலர் தாவணி மாதிரி இருக்கும். ஆனா அப்பாவுக்கு அது ரதம். ஸ்கூல் ஆபீஸ்ல கிளார்க்கா இருந்து, பி.எஃப். லோன் போட்டு வாங்கின வண்டி. தினம் காலையில பழைய வேட்டித் துணியால துடைச்சுட்டுத்தான் காபியே குடிப்பார்.

அக்காவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்களை ஜங்ஷன்ல இருந்து அந்தக் கார்லதான் கூட்டிட்டு வரணும். முதல் நாள் மதியம் அப்பா மண்டபத்துக்குப் போயிருந்த நேரம், எனக்குள்ள இருந்த இன்ஜினீயர் முழிச்சுக்கிட்டான். நேரா ஸ்பேர் பார்ட்ஸ் கடை. "பாலீஷா, வாக்ஸா, காம்பவுண்டா தம்பி?"ன்னார் கடைக்காரர். நான் கெத்தா, "எது பவர்ஃபுல்லோ அதைக் குடுங்கண்ணே!"ன்னேன். ரப்பிங் காம்பவுண்ட் டப்பா ஒண்ணு கைக்கு வந்துச்சு.

உச்சி வெயில். தோசையே வார்க்கலாம்ங்கிற மாதிரி பானெட் கொதிக்குது. தேய்ச்சேன். துணி சிவப்பாச்சு. 'அடேங்கப்பா... எத்தனை வருஷ அழுக்கு!'ன்னு இன்னும் அழுத்தித் தேய்ச்சேன். அழுக்கு எப்படிடா சிவப்பா இருக்கும்னு ஒரு செகண்ட் யோசிச்சிருக்கலாம். யோசிக்கலை. ஏன்னா நடுப்பகுதி நிஜமாவே செக்கச்செவேல்னு மின்ன ஆரம்பிச்சிருச்சு. அந்தக் குஷியில இடது பக்க ஓரத்துக்கு வந்தேன். அஞ்சு நிமிஷத்துல, சிவப்புக்கு நடுவுல ஒரு சாம்பல் கலர் பொட்டு. துடைச்சேன், போகலை. தேய்ச்சேன், உள்ளங்கை அளவுக்குப் பெரிசாச்சு. அது அழுக்கு இல்லை மக்கா, பிரைமர்! பெயின்ட்டுக்கு அடியில இருக்கற கோட்டிங். பெயின்ட்டே காலி!

அக்கா ஓடி வந்து தன்னோட சிவப்பு நெயில் பாலீஷை நீட்டினா. அந்த ரணகளத்துலயும் அதைப் பூசிப் பார்த்தோம். சகிக்கலை.

சாயங்காலம் அப்பா வந்தார். பார்த்தார். அந்த இடத்தை விரலால ஒரு தடவை தடவினார். "சாப்டியா?"ன்னு கேட்டுட்டு உள்ளே போயிட்டார். ரெண்டு அறை விட்டிருந்தாகூட நிம்மதியா இருந்திருக்கும். மறுநாள் சம்பந்தி வீட்டாரை வாசல்ல இறக்கி விட்டுட்டு, வண்டியோட இடது பக்கம் காம்பவுண்ட் சுவரை ஒட்டி இருக்கிற மாதிரி நிறுத்தினார். அதுக்கப்புறம் எங்கே போனாலும் அப்படித்தான். இடது பக்கம் சுவர் இருக்கற இடமாத் தேடித் தேடி நிறுத்துவார்.

என்ன தப்பு பண்ணினேன்னு எனக்குப் பாடம் எடுத்தது ஒரு பட்டறை பெயின்டர் அண்ணன்தான். "காம்பவுண்டும் பாலீஷும் உப்புத்தாள் குடும்பம்டா. வாக்ஸ் தேங்காய் எண்ணெய் குடும்பம். முதல் ரெண்டும் எடுக்கும். இது மேல உட்காரும்"னார். நாலு வருஷ இன்ஜினீயரிங்ல இவ்வளவு சிம்பிளா எனக்கு யாரும் எதையும் சொல்லிக் குடுத்ததில்லை. காம்பவுண்ட்லயும் பாலீஷ்லயும் நுண்ணிய துகள்கள் இருக்கு. அது பெயின்ட்டோட மேல் தோலைச் சீவித்தான் பளபளப்பைக் கொண்டு வருது. எங்க கார் ஏற்கெனவே ரீ-பெயின்ட் ஆனது, கிளியர் கோட் கிடையாது. அதான் நிறமே துணியில வந்துச்சு. இப்போ வர்ற கார்கள்ல நிறத்துக்கு மேல கண்ணாடி மாதிரி கிளியர் கோட் இருக்கும். அதனால துணியில கலர் வராது. தப்பிச்சோம்னு நினைக்காதீங்க... அந்தப் படலம் மொத்தமே சுமார் 40, 50 மைக்ரான்தான். உங்க தலைமுடியைவிட மெலிசு! வெயிலை முதல்ல தாங்குறது அதுதான். ஓரம், மடிப்பு எல்லாம் பெயின்ட் இன்னும் மெலிசா இருக்கற இடம். பாலீஷ் போட்டே ஆகணும்னா, அங்கே டேப் ஒட்டிட்டு, இருக்கறதுலயே மைல்டானதை ஒரு மூலையில போட்டுப் பார்த்துட்டு ஆரம்பிங்க. வெளுத்துப்போன பெயின்ட்டுக்கு வெறும் வாக்ஸ் உயிர் குடுக்காதுங்கிறதும் உண்மை.

வாக்ஸ் மேட்டர் செம சுவாரஸ்யம். பேர்போன 'கார்னௌபா' வாக்ஸ் ஒரு பனை வகை மரத்துல இருந்து வருது. ஊர், பிரேசிலோட வடகிழக்கு. அங்கே அடிக்கிற காய்ச்சல்ல இலையில இருக்கற தண்ணி ஆவியாகாம இருக்க, மரம் தானே இலை மேல மெழுகு பூசிக்குது. இலையை வெட்டிக் காய வெச்சு, தட்டி அந்தப் பொடியை எடுக்கறாங்க. 80 டிகிரிக்கு மேலதான் உருகும். நம்ம ஊரு சேப்பங்கிழங்கு இலையில தண்ணி முத்து முத்தா உருளுமே, அதே மெழுகு வித்தைதான்.

போடறது கஷ்டமில்லை. காலையில, நிழல்ல, பானெட் மேல புறங்கையை வெச்சா சுடாத நேரத்துல ஆரம்பிங்க. முதல்ல கார் ஷாம்பூ போட்டுக் கழுவணும். துணி சோப்புத் தூள் வேண்டாம்... இருக்கற வாக்ஸையும் அது உரிச்சிடும். ஒரு மணல் துகள் மிச்சமிருந்தாலும் அதுவே உப்புத்தாள். காய்ஞ்சதும் ஒரு கதவு, அப்புறம் ஒரு கதவுன்னு பிரிச்சுக்கிட்டு, மெல்ல்ல்லிசா பூசுங்க. நெய் ரோஸ்ட்டுக்கு ஊத்தற மாதிரி தாராளம் காட்டினா துடைக்கறப்ப உங்க தோள்பட்டைதான் கழண்டு விழும். வெள்ளையாப் பூத்ததும் விரலால ஒரு கோடு இழுத்துப் பாருங்க. சுத்தமா வந்தா மைக்ரோஃபைபர் துணியால துடைச்சிடலாம். துணி தரையில விழுந்துச்சா, அதை மறந்துடுங்க. கறுப்பு பிளாஸ்டிக் பம்பர்ல வாக்ஸ் பட்டா வெள்ளைத் திட்டு நிக்கும், ஜாக்கிரதை. நம்ம வெயிலுக்குச் சில வாரத்துல இருந்து ரெண்டு, மூணு மாசம் தாங்கினா பெரிய விஷயம். தண்ணி முத்தா நிக்காமப் பரவ ஆரம்பிச்சா, அடுத்த ரவுண்டு வந்தாச்சுன்னு அர்த்தம். செராமிக் கோட்டிங் பல மாசம், சிலது வருஷக்கணக்குல நிக்கும். ஆனா நம்ம பாக்கெட் மணிக்கு அது வேற கிரகம். அப்புறம், டீசல் போட்டுத் துடைக்கற ஐடியாவை யாராச்சும் குடுத்தா ஓடிடுங்க. ஒரு மணி நேரம் மின்னும், அப்புறம் ஊர்ப் புழுதி மொத்தமும் ஒட்டிக்கும்.

பானெட்டை மட்டும் ரீ-பெயின்ட் பண்ணலாம்னு பெயின்டர் அண்ணன் சொன்னப்ப அப்பா ஒத்துக்கலை. துரு பிடிக்காம இருக்க, அந்த இடத்துல மட்டும் டச்-அப் பெயின்ட் தொட்டு வெச்சார். கலர் ஒத்துப் போகவே இல்லை. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை நான் வாக்ஸ் போட்டேன். அப்பா பக்கத்துல ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பேப்பர் படிப்பார். அந்த இடது ஓரம் வர்றப்ப மட்டும் பேப்பர் இறங்கும்.

2016-ல வண்டியை வித்தோம். வாங்க வந்தவர் சுத்திச் சுத்திப் பார்த்தார். அன்னிக்கும் இடது பக்கம் சுவரோரம்தான் நின்னுச்சு வண்டி. அவர் கவனிக்கவே இல்லை. நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன். அப்பாவே வண்டியை வெளியே எடுத்து, அந்தத் திட்டைத் தொட்டுக் காட்டினார். "இது என் பையன் பாலீஷ் போட்டது சார். காலேஜ் படிக்கறப்போ."

விலையில ரெண்டாயிரம் குறைஞ்சுச்சு. அப்பா சிரிச்சுக்கிட்டேதான் சாவியைக் குடுத்தார்.