ஹெரால்டில் போனோம் ஜவ்வாது மலைக்கு!

பி.காம். படித்தவனிடம் மட்டும் பழைய காரைக் காட்டாதீர்கள். அவன் காரைப் பார்க்க மாட்டான்; தேய்மானத்தைப் பார்ப்பான்.

தாம்பரத்தில் நண்பர் ஒருவர் தன் வீட்டு ஷெட்டைத் திறந்து, தார்பாயை விலக்கி, 1970-ம் வருஷத்து ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் ஒன்றைக் காட்டினார். நான் உடனே மனசுக்குள் வருஷத்துக்குப் பதினைந்து சதவீதம் கழித்துக்கொண்டே வந்தேன். அவருடைய அப்பா அன்றைக்குக் கொடுத்த விலையில் இன்றைக்கு மிச்சம் நிற்பது ஒரு டீ குடிக்கக்கூடக் காணாது.

"எவ்வளவு சார் தேறும்?" என்றார் நண்பர்.

உண்மையைச் சொல்ல மனசு வரவில்லை. அப்பா காலமாகி ஒரு வருஷம்தான் ஆகிறது. பழைய இரும்புக்காரர் வந்து பார்த்துவிட்டு ஒரு விலை சொல்லிப் போயிருக்கிறார். ஷெட்டை இடித்துவிட்டு ஒரு ரூம் கட்டினால் வாடகை வரும் என்பது வீட்டம்மாவின் கணக்கு. நியாயமான கணக்கு, ஒரு காமர்ஸ் பட்டதாரியாக நானே ஆடிட் செய்து கையெழுத்துப் போடுவேன். திங்கட்கிழமை பதில் சொல்வதாக இரும்புக்காரருக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது.

"அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை ஜவ்வாது மலைக்குப் போயிட்டு வந்துடலாம் சார். லீவு விட்டா அப்பா எங்களை அங்கேதான் கூட்டிட்டுப் போவார். இதே வண்டியிலதான்."

தள்ளுவதற்கு ஓர் ஆள் வேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை. நானாகப் புரிந்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரி நண்பர் ஒரு காரியம் செய்தார். பழைய கார் வைத்திருப்பவர்களின் கிளப் ஒன்றில் இருக்கும் பெரியவரைப் போனில் பிடித்து, மலை ஏறினால் ரேடியேட்டர் தாங்குமா என்று கேட்டார். பெரியவர் ரேடியேட்டரைப் பற்றிப் பேசவே இல்லை.

"தம்பி, முன் சக்கரத்துல ட்ரன்னியன் இருக்கே, அதுல என்ன போட்டிருக்கே?"

"போன மாசம் சர்வீஸ்ல கிரீஸ் அடிச்சாங்க ஐயா."

"வண்டியை எடுக்காதே. காலையில நான் வர்றேன்."

ஆறு மணிக்கெல்லாம் பெரியவர் வந்து இறங்கினார். வயது எழுபதுக்கு மேல். கையில் ஒரு பழைய ஆயில் கன். ஹெரால்டின் பானெட் மற்ற கார்களைப் போலத் திறக்காது. மட்கார்டு, ஹெட்லைட் எல்லாவற்றோடும் சேர்ந்து முன்பக்கமாக, முதலை வாயைப் பிளக்கிற மாதிரித் திறக்கும். உள்ளே டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். பெரியவர் அப்படியே உட்கார்ந்துகொண்டு விளக்கினார்.

ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முன் சக்கரத்தைத் தாங்கும் தண்டு, அடியில் ஒரு பித்தளைத் துண்டுக்குள் திருகாணி மாதிரித் திரும்புகிறது. அந்தத் துண்டுதான் ட்ரன்னியன். அதற்குள் கெட்டியான கியர் ஆயில்தான் போகவேண்டும். கிரீஸ் போட்டால் மரைக்குள் சரியாக இறங்காது. உள்ளே காய்ந்துபோய் இரும்பு தேயும். ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் படுத்துக்கொள்ளும்.

"எங்கே முறியும் ஐயா?" என்று அப்பாவியாகக் கேட்டேன்.

"அதிகமாத் திருப்புற இடத்துல. அதாவது மலையில."

கிரீஸை வழித்தெடுத்து, ஆயிலை ஏற்றி, கையைத் துடைத்துக்கொண்டார். நண்பர் தயங்கித் தயங்கிப் பர்ஸை எடுத்தார். "உள்ளே வை. எனக்கும் இதை ஒருத்தர் சும்மாதான் சொல்லிக் கொடுத்தார்" என்று சொல்லிவிட்டு, ஒரு காபி மட்டும் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

கிளம்பினோம். வேகம் மணிக்கு அறுபது. லாரிகள் எங்களை முந்தின. டிரைவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். ஆனால் கேலிச் சிரிப்பு இல்லை. ஊருக்குப் போன தாத்தாவைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்த மாதிரிச் சிரிப்பு.

இருங்காட்டுக்கோட்டையைத் தாண்டும்போது நண்பர் கதையை ஆரம்பித்தார். கார்ப் பைத்தியங்கள் சேர்ந்து சங்கம் வைப்பது சென்னைக்குப் புதிதில்லை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-லேயே தொடங்கியது. யுத்த காலத்து விமான ஓடுதளமாக இருந்த சோழவரத்தில் பந்தயம் நடத்தினார்கள். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனி டிராக்கே வந்துவிட்டது. ஆனால் அது வேகமாக ஓட்டுகிறவர்களின் சங்கம். மெதுவாகப் போகிறவர்களுக்கும் ஒரு சங்கம் வேண்டாமா?

அதற்கு வழி காட்டியது வெள்ளைக்காரன். இங்கிலாந்தில் 1896 நவம்பரில் கார்களின் வேக வரம்பை மணிக்கு 14 மைலாக உயர்த்தினார்கள். அதைக் கொண்டாட லண்டனிலிருந்து பிரைட்டனுக்குக் கார்கள் கிளம்பின. 1927-ல் அந்தப் பயணத்தைப் பழைய கார்களை வைத்தே திரும்ப நடத்திப் பார்த்தார்கள். அந்த ருசியில் 1930-ல் பிறந்தது வெட்டரன் கார் கிளப். நம் நாட்டில் 1964-ல் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை டெல்லியில் வின்டேஜ் கார் ஊர்வலம் ஆரம்பித்தது. பிறகு ஊருக்கு ஊர் கிளப்புகள். சென்னையில் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப், ஹிஸ்டாரிக்கல் கார் அசோசியேஷன் ஆஃப் இந்தியா என்று வந்தன. கோயம்புத்தூரில் ஜி.டி.நாயுடு பெயரைச் சொல்லும் கார் மியூசியம் 2015-ல் திறந்தது. வடபழனி ஏ.வி.எம். வளாகத்தில் எம்.எஸ்.குகன் சேர்த்த பழைய கார்களோடு 2023-ல் ஒரு மியூசியம் திறந்தது.

"அதெல்லாம் ராஜா வீட்டுக் கார் வெச்சிருக்கிறவங்க சமாச்சாரம்னு நான் அந்தப் பக்கமே தலைகாட்டல சார். ரோல்ஸ் ராய்ஸ் பக்கத்துல என் ஹெரால்டை நிறுத்தினா, கல்யாண வீட்டுல சமையல்காரர் வந்து நின்ன மாதிரி இருக்கும்னு நினைச்சேன்."

ஹெரால்ட் ராஜா வீட்டுக் கார் இல்லைதான். 1959-ல் இங்கிலாந்தில் ட்ரையம்ப் என்ற பெயரில் வந்தது. உருவம் வரைந்தவர் மிச்சலோட்டி என்ற இத்தாலியர். இங்கே 1961 முதல் வண்டலூர்ப் பக்கத்தில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி செய்தது. கல்கத்தாவுக்கு அம்பாஸிடர், பம்பாய்க்குப் பியட் என்றால் மெட்ராஸுக்கு ஹெரால்ட். 948 சிசி எஞ்சின். இங்கிலாந்தில் இரண்டு கதவோடு வந்த காருக்கு, 'குடும்பம் எப்படிய்யா ஏறும்?' என்று யோசித்து நான்கு கதவு வைத்தது நம் ஊரில் மட்டும்தான். அதற்கப்புறம் கெஸல் வந்தது, 1985-ல் ஸ்டாண்டர்ட் 2000 என்ற பெரிய கார் வந்தது, அது போணியாகவில்லை. 1988 வாக்கில் உற்பத்தியே நின்றது.

கம்பெனி மூடினால் என்ன ஆகும்? ஷேர் வைத்திருந்தவர் அழுதுவிட்டுப் போய்விடுவார். கார் வைத்திருப்பவர் என்ன செய்வார்? ஸ்பேர் பார்ட்ஸ் கிடையாது, கேட்டால் சொல்ல ஆள் கிடையாது. இங்கிலாந்திலும் இதே கதை. ஹெரால்ட் 1971-லேயே நின்றுவிட்டது. அங்கே 1977-ல் ஹெரால்டுக்கும் அதன் பங்காளிக் கார்களுக்கும் என்றே ட்ரையம்ப் ஸ்போர்ட்ஸ் சிக்ஸ் கிளப் ஆரம்பித்தார்கள். கண்காட்சி, கோப்பை எல்லாம் மேல்பூச்சு சார். கம்பெனி செத்துப்போன பிறகு கம்பெனியின் வேலையைச் செய்வதுதான் கிளப். யாரிடம் எந்தப் பார்ட் இருக்கிறது, எதில் எந்த ஆயில் ஊற்றவேண்டும் — இதைத் தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்வது. காலையில் ஆயில் கன்னோடு வந்தவர் இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையை ஆஸ்பத்திரியிலிருந்து எழுதியிருப்பேன்.

ஆம்பூரில் பிரியாணி. அந்த ஊரைச் சாப்பிடாமல் தாண்டினால் பாவம் வரும் என்பது என் கட்சி. கத்திரிக்காயை முடித்துவிட்டு வெளியே வந்தால் காரைச் சுற்றி ஒரு கூட்டம். "எங்க டாக்டர் இதுலதான் வருவாரு" என்றார் ஒருவர். இன்னொருவர் அனுமதி கேட்டு ஸ்டீயரிங்கை ஒரு தடவை தொட்டுவிட்டுப் போனார்.

வாணியம்பாடியில் திரும்பி, ஆலங்காயத்தைத் தாண்டினால் காற்று மாறுகிறது. ஜவ்வாது மலை ஊட்டி மாதிரி மேக்கப் போட்டுக்கொண்டு நிற்கிற மலை இல்லை. சாமை வயல், பலா மரம், புளிய மரம், காடு, நடுவே மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள். வளைவுகளில் ஹெரால்ட் தன் வித்தையைக் காட்டியது. இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் முழுசாகத் திரும்பிவிடும் கார் இது. பின்னால் வந்த புதுக் கார் திணறிய வளைவில் எங்கள் தாத்தா பம்பரமாகச் சுற்றினார். நண்பர் முகத்தில் ஐம்பது வருஷம் குறைந்தது.

பெருமை ரொம்ப நேரம் நிற்கவில்லை. புஸ்... வெள்ளைப் புகை. ரேடியேட்டர் கொதித்துவிட்டது. பெட்ரோல் வாசனை வேறு. ரப்பர் ஹோஸில் கசிவு. இப்போது பங்க்கில் ஊற்றும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அந்தக் காலத்து ரப்பர் அதைத் தாங்காது. நண்பர் அதே பெரியவருக்குப் போன் போட்டார். "டூல் பெட்டியில பாரு, புது ஹோஸ் வெச்சிருக்கேன்" என்றார் அவர். காலையிலேயே, நாங்கள் காபி போடப் போன நேரத்தில் வைத்திருக்கிறார்!

தண்ணீருக்கு என்ன செய்வது என்று முழித்தபோது ஆடு மேய்த்துக்கொண்டிருந்த தாத்தா ஒருவர் குடத்தோடு வந்தார். "ஆற விட்டு ஊத்துங்கப்பா. வண்டிக்கும் மூச்சு வாங்கும்ல" என்றார். எங்கள் மூவரில் எஞ்சினியரிங் தெரிந்தவர் அவர்தான்.

காவலூர் போய்ச் சேர்ந்தோம். கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில் வைணு பாப்பு வானாய்வகம். 1986-ல் ராஜீவ் காந்தி திறந்துவைத்த 2.3 மீட்டர் பெரிய தொலைநோக்கி இங்கேதான் இருக்கிறது. எல்லோரும் அதைத்தான் பேசுவார்கள். என்னை நிறுத்தியது சின்னது — ஒரு மீட்டர் தொலைநோக்கி. 1972-ல் கிழக்கு ஜெர்மனியின் யேனா நகரத்து ஜைஸ் கம்பெனியிலிருந்து வந்தது. ஹெரால்டுக்கு இரண்டு வயசு தம்பி. யுரேனஸ் கிரகத்துக்கு வளையம் உண்டு என்று 1977-ல் உலகம் தெரிந்துகொண்டதில் இதற்கும் பங்கு உண்டு. 2022-ல் ஐம்பது வருஷம் நிறைந்ததற்கு விழாவே எடுத்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். ஹெரால்டைச் செய்த கம்பெனி இல்லை. இந்தத் தொலைநோக்கியைச் செய்து அனுப்பிய கிழக்கு ஜெர்மனி என்ற நாடே 1990-லிருந்து இல்லை! கண்ணாடியில் அலுமினியப் பூச்சு மங்கினால் திரும்பப் பூசுகிறார்கள். பழைய பாகம் போனால் புதுசு பொருத்துகிறார்கள். தெரிந்தவர் அடுத்தவருக்குச் சொல்லித் தருகிறார். மலைமேல் ஓட்டுவதற்கு இரும்பு மட்டும் போதாது. கூடவே ஆள் வேண்டும்.

நண்பர் ரொம்ப நேரம் பேசவில்லை. ஜமுனாமரத்தூரில் டீ குடிக்கும்போதுதான் வாயைத் திறந்தார்.

"பெரியவருக்கு எழுபது தாண்டிடுச்சு சார். அவருக்கப்புறம் இந்த ட்ரன்னியன் சமாச்சாரத்தை யார் சொல்வாங்க?"

நான் பதில் சொல்லவில்லை. சர்க்கரை போதுமா என்று மட்டும் கேட்டேன்.

திங்கட்கிழமை இரும்புக்காரருக்குப் பதில் போய்விட்டது: "இல்லீங்க." வீட்டம்மாவோடு சமாதான உடன்படிக்கை ஆக ஒரு வாரம் ஆனது, ரூம் மாடியில் வருகிறது. கிளப்பில் சேர்ந்துவிட்டார். ஐம்பது வயசு தாண்டி, உருமாறாத வண்டிகளை வின்டேஜ் என்று பதிவு செய்ய 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்திருக்கிறது. பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், புதுப்பிக்க 5,000. பழைய எம்.எஸ். நம்பரையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் கண்காட்சி, ஊர்வலம், பெட்ரோல், ரிப்பேர் தவிரத் தினமும் ஓட்டக் கூடாது. "அப்ப கீரை வாங்கப் போக முடியாதே!" என்று அதைத்தான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் இருந்தபோது போன் வந்தது. சேலத்திலிருந்து யாரோ ஒரு ஹெரால்டுக்காரர். கிளப்பில் நம்பர் வாங்கினாராம். நண்பர் கேட்டுக்கொண்டே இருந்தவர் திடீரென்று பதறிப்போய்க் கத்தினார்:

"ஐயையோ, கிரீஸ் போட்டுடாதீங்க! வண்டியை எடுக்காதீங்க!"

எனக்குக் காலேஜில் அக்கவுண்டன்சி எடுத்த வாத்தியார் ஞாபகம் வந்தது. மிச்ச மதிப்பில் வருஷாவருஷம் பதினைந்து சதவீதம் கழித்துக்கொண்டே போங்கடா, என்ன ஆகும் என்று கேட்பார். நாங்கள் பூஜ்யம் என்போம். அவர் பென்சிலை நீட்டுவார். எத்தனை வருஷம் கழித்தாலும் சரி, ஏதோ ஒரு துளி மிச்சம் நிற்கும். அந்தக் கணக்கில் மதிப்பு பூஜ்யம் ஆகவே ஆகாது.