அப்பா கட்டின ஃபீஸ்

உங்ககிட்ட ஒரு சின்ன கேள்வி. உங்க காலேஜ் ஃபீஸை யார் கட்டறாங்க? 'இதென்ன கேள்வி... எங்கப்பாதான்'னு நிறையப் பேர் சொல்வீங்க. 'பேங்க் லோன்'னு சிலர் பெருமூச்சு விடுவீங்க. என்னைக் கேட்டாலும் 'எங்கப்பாதான்'னுதான் சொல்வேன். ஆனா, நான் காலேஜ்ல சேர்றதுக்குப் பதினோரு வருஷம் முன்னாடியே அவர் மொத்தமா கட்டிட்டுப் போயிட்டார்.

எங்களுக்கு வேலூர் பக்கம் ஒரு கிராமம். பட்டாளத்துக்கு ஆள் போகாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்கணும். அப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட்ல ஹவில்தார். 2005-ல காஷ்மீர்ல தீவிரவாதிகளோட நடந்த சண்டையில இறந்துட்டார். அப்போ எனக்கு ஆறு வயசு. வீட்டுக்கு வந்த சாமான்ல அவர் பேரும் நம்பரும் பெயின்ட்ல எழுதின கறுப்பு டிரங்குப் பெட்டி ஒண்ணு. அம்மா அதுலதான் எல்லா பேப்பரையும் வெச்சிருப்பாங்க. சாவுக்கு இத்தனை பேப்பர் இருக்குங்கறதே எனக்கு அந்தப் பெட்டியைப் பார்த்துத்தான் தெரியும்.

2016-ல சென்னையில ஒரு இன்ஜினீயரிங் காலேஜ்ல சேர்ந்தேன். முதல் நாள் ஃபீஸ் கவுன்ட்டர்ல நல்ல கூட்டம். உள்ளேயிருந்து ஒரு குரல்... "அந்த மிலிட்டரி ஃப்ரீ கேஸ் யாரும்மா?" வரிசையில நின்ன அத்தனை தலையும் திரும்புச்சு. எனக்குத் தரைக்குள்ள புதைஞ்சுடலாம்போல இருந்துச்சு. 'வாம்மா, போயிடலாம்'னு அம்மா புடவையைப் பிடிச்சு இழுத்தேன்.

அம்மா எட்டாவது வரைக்கும்தான் படிச்சவங்க. வீட்டுல தையல் மெஷின் ஓட்டறவங்க. அதிர்ந்து பேசி நான் பார்த்ததே இல்லை. அன்னிக்கும் சத்தம் போடலை. "ஃப்ரீ இல்லீங்க சார். இவங்கப்பா கட்டிட்டாரு"ன்னாங்க. அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழிச்சு, "உக்காருங்கம்மா"ன்னு ஒரு நாற்காலி வந்துச்சு.

இந்த உதவி எப்போ வந்துச்சுன்னு தெரியுமா? 1971 போர் டிசம்பர் 16-ம் தேதி முடிஞ்சது. ரெண்டே நாள்ல, டிசம்பர் 18-ம் தேதி, லோக்சபாவில இதை அறிவிச்சாங்க. போரில் உயிரிழந்த, காணாமல்போன, ஊனமடைந்த வீரர்களோட பிள்ளைகளுக்கு முதல் டிகிரி வரைக்கும் படிப்புச் செலவை அரசாங்கம் ஏத்துக்கும். டியூஷன், ஹாஸ்டல், புத்தகம், யூனிஃபார்ம் எல்லாம் அதுல உண்டு. பிணங்களை எண்ணி முடிக்கறதுக்கு முன்னாடியே ஒரு நாடு கொடுத்த வாக்கு அது.

அந்த வாக்கு ஒருமுறை ஆட்டம் கண்டுச்சு. நான் செகண்ட் இயர்ல இருந்தேன். 2017 செப்டம்பர்ல ஒரு அரசாணை. டியூஷன், ஹாஸ்டல் ரெண்டும் சேர்த்து மாசம் 10,000 ரூபாய்தான். அதுக்கு மேல கிடையாது. வருஷத்துக்கு 1,20,000. எனக்கு ஆகற செலவு ஒண்ணே முக்கால் லட்சத்தை நெருங்கும். மிச்சம் ஐம்பதாயிரத்துச் சொச்சத்துக்கு எங்கே போறது? தீபாவளி லீவுல வீட்டுக்குப் போனப்போ அம்மா கழுத்துல மஞ்சக்கயிறும் இல்லை, வழக்கமாப் போடற மெல்லிசு செயினும் இல்லை. கயிறு பன்னிரண்டு வருஷமாவே இல்லை. செயின்? "கொக்கி போயிடுச்சு பாப்பா, ஆசாரிகிட்ட குடுத்திருக்கேன்"ன்னாங்க. அடகுக்கடை ரசீதை டிரங்குப் பெட்டியில பார்த்தேன். எதுவும் கேட்டுக்கலை.

அந்த உச்சவரம்பால பாதிக்கப்பட்டது நான் மட்டுமில்லை. முப்படைத் தளபதிகள் குழுவோட தலைவரா இருந்த அட்மிரல் சுனில் லன்பாவே, இதை நீக்கணும்னு பாதுகாப்பு அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். 2018 மார்ச்ல உச்சவரம்பை எடுத்துட்டாங்க. அம்மா கழுத்துக்கு செயின் திரும்ப வந்துச்சு.

கதை இதோட முடிஞ்சிருந்தா நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். எழுத வெச்சது என் ரூம்மேட்.

அவளோட அப்பாவும் ராணுவம்தான். எங்கப்பா மாதிரியே ஹவில்தார்தான். ஆனா, அவர் இறந்தது சண்டையில இல்லை. அமைதியான ஊர்ல டூட்டியில போறப்போ வண்டி கவிழ்ந்து இறந்துட்டார். பேப்பர்ல எங்கப்பா 'பேட்டில் கேஷுவாலிட்டி', அவங்கப்பா 'பிசிக்கல் கேஷுவாலிட்டி'. அந்த ஒரு வார்த்தை வித்தியாசத்துல எனக்கு முழு ஃபீஸ். அவளுக்கு இந்தத் திட்டத்துல ஒண்ணும் இல்லை.

அவ பிரதமர் ஸ்காலர்ஷிப்புக்கு அப்ளை பண்ணி வாங்கினா. அப்போ பொண்ணுங்களுக்கு மாசம் 2,250 ரூபாய். வருஷத்துக்கு 27,000. மீதிக்கு லோன். ஒருநாள் ராத்திரி லைட் அணைச்ச பிறகு கேட்டா, "உங்கப்பா செத்ததும் எங்கப்பா செத்ததும் வேற வேறயாடி?" எனக்கு பதில் தெரியலை. இன்னிக்கும் தெரியலை.

சண்டையில நிக்கறவங்களுக்கு முதல் இடம் கொடுக்கறது தப்புன்னு நான் சொல்லலை. ஆனா, ஃபீஸ் ரசீதுக்கு அந்த வித்தியாசம் தெரியாதே! ரெண்டு வீட்டுலயும் சம்பாதிச்ச ஆள் அதே யூனிஃபார்ம்லதானே வெளியே போனார்?

சரி, உங்களுக்கு உபயோகமா சில விஷயம் சொல்லிடறேன். பிரதமர் ஸ்காலர்ஷிப் 2019-ல உயர்ந்து பொண்ணுங்களுக்கு மாசம் 3,000, பசங்களுக்கு 2,500 ஆச்சு. அதே வருஷம், தீவிரவாத, நக்சல் தாக்குதல்ல உயிரிழந்த மாநில போலீஸ்காரர்களோட பிள்ளைகளுக்கும் வருஷத்துக்கு 500 இடம் ஒதுக்கினாங்க. ராணுவ வீட்டுப் பிள்ளைகளுக்கு பிளஸ் டூ-வில 60 சதவிகிதம் வேணும். தொழிற்படிப்பா இருக்கணும். முக்கியமா, முதல் வருஷம் சேர்ந்ததுமே அப்ளை பண்ணணும். 'அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்'னு விட்டீங்கன்னா போச்சு! விவரம் கேட்க, உங்க மாவட்டத்துல முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கும். அம்மாவை மட்டும் தனியா அனுப்பாதீங்க. நீங்களும் கூடப் போங்க. வரிசையில நிக்கறப்போ அவங்க பக்கத்துல யாராவது இருக்கணும்.

நான் 2020-ல முடிச்சேன். அந்த கொரோனா வருஷத்துல பட்டமளிப்பு விழாவெல்லாம் இல்லை. சர்ட்டிஃபிகேட் தபால்லதான் வந்துச்சு. அம்மா அதை வாங்கி அப்பா போட்டோ முன்னாடி கொஞ்ச நேரம் வெச்சிருந்தாங்க. அப்புறம் நாலு வருஷ ஃபீஸ் ரசீதுக்கு மேல வெச்சு, பெட்டியைப் பூட்டினாங்க.

ஃப்ரெண்ட்ஸ், உங்க கிளாஸ்லயும் இப்படி ஒரு பொண்ணோ பையனோ இருக்கலாம். ஃபீஸ் கவுன்ட்டர்ல அவங்க பேரை வேற மாதிரி கூப்பிடலாம். அப்போ தயவுசெஞ்சு திரும்பிப் பார்த்து 'ஃப்ரீயா?'ன்னு மட்டும் கேட்டுடாதீங்க. அது ஃப்ரீ இல்லை. அவங்கப்பா கட்டிட்டார்.