வலை, இலை, வெள்ளைக் கால்: கென்யாவில் ஒட்டகச்சிவிங்கி பார்ப்பது

கென்யாவுக்கு வனவிலங்கு பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஒரே நாட்டுக்குள், சாலை வழியாகவே, மூன்று விதமான ஒட்டகச்சிவிங்கிகளைப் பார்த்துவிடலாம். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சம்புருவில் இருப்பவற்றின் உடம்பெங்கும் பெரிய செம்பழுப்புக் கட்டங்கள், இடையே மெல்லிய வெள்ளைக் கோடுகளின் வலைப்பின்னல். தெற்கே மசாய் மாராவில் திட்டுகளின் ஓரம் திராட்சை இலையின் விளிம்பாகப் பிளவுபட்டு, குளம்புப் பக்கம் வரை இறங்கியிருக்கும். நகுரு ஏரிப் பூங்காவில் உள்ள ராத்ஸ்சைல்டு வகைக்கு முழங்காலுக்குக் கீழே திட்டே கிடையாது, வெறும் வெள்ளைதான். வழிகாட்டிகள் இந்த மூன்று அடையாளங்களையும் முதல் நாளே சொல்லித் தந்துவிடுவார்கள். வகையைக் கண்டுபிடித்த திருப்தியில் வண்டியும் அடுத்த விலங்கைத் தேடி நகர்ந்துவிடும். அந்த அவசரத்தில் முக்கியமானது விட்டுப்போகிறது என்பேன். ஒட்டகச்சிவிங்கியின் தோல் அதன் வகையைப் பற்றிச் சொல்வதைவிட, எதிரே நிற்கும் அந்த ஒரு விலங்கைப் பற்றித்தான் உறுதியாகச் சொல்கிறது.

வகையைப் பொறுத்தவரை தோல் அரைகுறைச் சாட்சிதான். மசாய் ஒட்டகச்சிவிங்கிகளிலேயே ஒன்றின் திட்டு நன்றாகப் பிளவுபட்டிருக்கும்; பக்கத்தில் மேயும் இன்னொன்றின் திட்டு கிட்டத்தட்ட வட்டமாக இருக்கும். 2016இல் ஜூலியன் ஃபென்னசி, ஆக்செல் யாங்கே குழுவினர் மரபணுக்களை ஒப்பிட்டு, ஒட்டகச்சிவிங்கி ஓர் இனமல்ல, நான்கு இனங்கள் என்றார்கள். தனி வகையாகக் கருதப்பட்ட ராத்ஸ்சைல்டை நூபிய வகையிலிருந்து அந்த ஆய்வால் பிரிக்க முடியவில்லை. அப்படியானால் வழிகாட்டிகளின் அடையாளம் எப்படிப் பெரும்பாலும் சரியாக வருகிறது என்று கேட்கலாம். எந்தப் பூங்காவில் நிற்கிறோம் என்பதே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. அதுவும் இயற்கை வகுத்த எல்லை மட்டுமல்ல. நகுருவில் இருப்பவை, மேற்குக் கென்யாவில் மேய்ந்த நிலம் விவசாயத்துக்குப் போனபின், 1970களில் மனிதர்கள் கொண்டுவந்து விட்டவற்றின் வழிவந்தவை.

தனி விலங்கு என்று வரும்போது தோல் பொய் சொல்வதில்லை. வயதாகும்போது ஆணின் நிறம் கறுத்துப்போகலாம். திட்டுகளின் வடிவமும் அமைப்பும் பிறந்ததிலிருந்து சாகும்வரை மாறுவதில்லை. 1960களில் நைரோபி தேசியப் பூங்காவில் பிரிஸ்டல் ஃபாஸ்டர் கழுத்தின் இடப்பக்கத்தைப் படமெடுத்துவைத்தே ஒவ்வொன்றையும் அடையாளம் கண்டார். தான்சானியாவின் தாரங்கிரே பகுதியில் டெரெக் லீ, மோனிக்கா பாண்ட் குழுவினர் இதே முறையைக் கணினியின் துணையோடு விரிவாக்கினார்கள். திட்டின் வட்டத்தன்மை, விளிம்பின் வழுவழுப்பு போன்ற சில கூறுகள் தாயிடமிருந்து குட்டிக்கு வருகின்றன என்று 2018இல் அவர்கள் காட்டினார்கள். திட்டுகள் பெரிதாகவும் ஒழுங்கற்றும் இருந்த குட்டிகள் முதல் சில மாதங்களில் கூடுதலாகப் பிழைத்ததையும் கண்டார்கள்.

திட்டுகள் ஒளிந்துகொள்வதற்குத்தானே, ஒன்றுக்கொன்று உள்ள வேறுபாடு தற்செயல்தானே என்பது நியாயமான மறுப்பு. புதர் நிழலில் படுத்திருக்கும் குட்டிக்கு அது பொருந்தும். நான்கு மீட்டருக்கு மேல் உயர்ந்து வெட்டவெளியில் நிற்கும் பெரிய விலங்குக்கு அவ்வளவாகப் பொருந்தாது. ஒவ்வொரு திட்டையும் சுற்றித் தோலுக்கடியில் ஒரு ரத்தக்குழாய் ஓடி, உள்ளே கிளை பிரிகிறது. உடல் வெப்பத்தை வெளியேற்ற அது உதவலாம் என்று உடலியல் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 2023இல் அமெரிக்காவின் டென்னசியில் ஒரு விலங்குக்காட்சி சாலையிலும் நமீபியாவிலும் திட்டே இல்லாத குட்டிகள் காணப்பட்டனவே, அப்புறம் திட்டு எதற்கு என்றும் கேட்கலாம். ஒன்றிரண்டு குட்டிகள் உயிரோடிருப்பதால் திட்டு வேண்டாததாகிவிடாது. பல குட்டிகளைத் தொடர்ந்து கவனித்தால்தான் திட்டின் பயன் தெரியவரும். அப்படித் தொடர்வதற்கு ஒவ்வொன்றையும் தனியாக அடையாளம் காண வேண்டும்.

இது வெறும் அறிவு ஆர்வத்துக்கான பேச்சு இல்லை. 1980களின் நடுவில் ஒன்றரை லட்சத்துக்கும் மேலிருந்த ஒட்டகச்சிவிங்கிகள், முப்பது ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் கீழே போய்விட்டன. தலைகளை எண்ணினால் எத்தனை குறைந்தன என்று மட்டும்தான் தெரியும். போன ஆண்டு பிறந்த குட்டி பிழைத்ததா, எந்தத் தாய் எங்கே நகர்ந்தாள் என்பதை, மயக்க ஊசியோ கழுத்துப் பட்டையோ இல்லாமல், அதன் தோலே சொல்லிவிடும். அதனால்தான் பயணிகள் எடுக்கும் படங்களும் ஆய்வாளர்களுக்கு வேண்டியிருக்கின்றன. கென்யா போகிறவர்கள் வகையின் பெயரைக் கேட்டதும் வண்டியை நகர்த்தச் சொல்லாமல், விலங்கு பக்கவாட்டில் திரும்பும்வரை காத்திருந்து தெளிவாக ஒரு படம் எடுத்து, இடத்தையும் தேதியையும் குறித்துவைக்க வேண்டும். ஓர் இனத்தைக் காப்பாற்றும் வேலை, அதிலுள்ள ஒவ்வொரு விலங்கையும் தனித்தனியாகத் தெரிந்துகொள்வதில் தொடங்குகிறது.