ஃப்ளாஷை அணைங்க பாஸ்!

மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயில் பங்குனித் திருவிழா. ஐந்தாம் நாள் ராத்திரி ரிஷப வாகனம். மாடவீதியில கேமராவோட நிக்கிற அத்தனை பேரும் சுவாமியைத்தான் குறிவைப்பாங்க. நீங்க கொஞ்சம் திரும்புங்க. முன்னாடி இருட்டுல வாசிச்சுட்டுப் போறாங்களே நாகஸ்வரம், தவில் கோஷ்டி... அவங்களை எடுங்க!

நடக்கும்போது வெளிச்சம் முதுகுலதான் விழும், முகம் இருட்டு. பொறுங்க. வாகனம் நின்னதும் சுவாமி பக்கம் திரும்பி ராகம் ஆரம்பிப்பாங்க. அலங்கார விளக்கு வெளிச்சம் நேரா முகத்துல! வாகனத்தோரமா ஒதுங்கி நின்னுக்கோங்க. 50 எம்.எம்., எஃப் 1.8 லென்ஸ் போதும் (சீனியர்கிட்ட கடன் கேளுங்க). ஐ.எஸ்.ஓ. 1600. ஆலாபனைக்கு 1/60 செகண்ட் தாங்கும். தவில் தனி வந்தா 1/250 வேணும். இல்லாட்டி வலது கை விரல்ல மாட்டியிருக்கிற கூடெல்லாம் வெள்ளைப் புகையாத்தான் விழும். எனக்கென்னவோ அந்தப் புகையும் பிடிக்கும்!

ஃப்ளாஷ் மட்டும் வேண்டவே வேண்டாம். மூச்சைப் பிடிச்சு ஒரு ஸ்வரத்துல நிக்கிறவர் கண்ணுல பளிச்னு அடிக்கிறது என்ன நியாயம்? விளக்கோட மஞ்சளும் செத்துடும்.

சீவாளியைத் துடைக்கிற கேப்ல, அவர்கிட்ட ஸ்க்ரீனைக் காட்டுங்க. ஊரே சுவாமியை எடுக்குது, தான் வாசிக்கிற படம் அவர்கிட்ட இருக்கான்னு கேளுங்க. நம்பர் வாங்கி அன்னிக்கே அனுப்பிடுங்க.