அப்பாவின் ஹெரால்டு

நல்ல நோக்கத்தோடு சொல்லப்படும் சொற்கள் எல்லாம் நல்ல சொற்களாகிவிடுவதில்லை. இந்த உண்மையை நான் கற்றுக்கொண்டது இறையியல் வகுப்பறையில் அல்ல. பொன்மலையில் என் அண்ணன் வீட்டின் பின்புறம், ஒரு தகரக் கொட்டகையில், பழைய கார் ஒன்றின் அருகே.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்னும் பெயரை இன்றைய இளைஞர் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஐம்பதைக் கடந்தவர்களுக்கோ அது ஒரு காலத்தின் பெயர். அம்பாசடர், பியட், ஹெரால்டு என்ற மூன்று வகைக் கார்களே நம் சாலைகளில் பெரும்பாலும் ஓடிய காலம் அது. 1959-இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரிலிருந்து ‘டிரையம்ப் ஹெரால்டு’ என்ற பெயரில் வெளிவந்த அந்தக் காருக்கு வடிவம் தந்தவர் ஜியோவான்னி மிக்கெலோட்டி என்ற இத்தாலியக் கலைஞர். 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் அதை நம் மண்ணிலேயே உருவாக்கத் தொடங்கியது. 948 சி.சி. அளவுள்ள சிறிய எஞ்சின்தான். ஆனால் அந்தக் காருக்கென்று ஒரு தனித்தன்மை இருந்தது. இரு பக்கமும் கொக்கியை விடுவித்தால், விளக்குகளும் சக்கர மேல்மூடிகளும் உட்பட அதன் முன்முகம் முழுவதும் ஒரே துண்டாக முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். பசித்த முதலை வாய் திறப்பதுபோல் இருக்கிறது என்று சிறுவர்களாகிய நாங்கள் சிரிப்போம். அடிச்சட்டம் தனி, அதன்மேல் போல்ட்டுகளால் பூட்டப்பட்ட உடல் தனி. எனவே பொறுமையும் ஒரு ஸ்பேனர் பெட்டியும் உள்ளவன் அதைத் துண்டு துண்டாகக் கழற்றி மீண்டும் சேர்த்துவிடலாம். 1988-இல் அந்த நிறுவனத்தின் கார் உற்பத்தியே நின்றுபோனது.

எங்கள் வீட்டுக்கு ஹெரால்டு வந்தது செல்வத்தால் அன்று. என் தந்தை திருச்சியில் ஒரு மருத்துவரிடம் ஓட்டுநராகப் பணியாற்றியவர். 1969-இல் வாங்கிய நான்கு கதவு ஹெரால்டை, தம் காரைவிட மேலாக அவர் பேணி வந்தார் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அவருக்குத் தமதென்று ஒரு மிதிவண்டிகூட இருந்ததில்லை. 1982-இல் அந்த மருத்துவர் தொழிலை விட்டு மகனோடு வெளியூர் சென்றபோது, காரை அப்பாவின் பெயருக்கே எழுதிக்கொடுத்துவிட்டார். மாதச் சம்பளம் போயிற்று, கார் வந்தது. திருமணங்களுக்கும், நோயாளிகளை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதற்கும் அப்பா அதை ஓட்டினார். அது போதவில்லை. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அண்ணன் படிப்பை நிறுத்திவிட்டு, பொன்மலை இரயில்வே பணிமனையில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். வீட்டில் ஒருவர்தான் படிக்க முடியும் என்ற நிலையில், அந்த ஒருவன் நானாயிருக்கட்டும் என்று அவர் விட்டுக்கொடுத்தார். 1985 சூனில் நான் சிறிய குருமடத்தில் சேர்ந்தபோது அந்த ஹெரால்டில்தான் சென்றேன். 1993-இல் கார் ஓய்ந்தது. 1995-இல் அப்பா இறந்தார். 1997-இல் நான் குருவானேன்.

அன்றுமுதல் கொட்டகையில் கார் துருவேறிக் கிடந்தது. எத்தனையோ முறை பழைய இரும்புக் கடைக்காரர்கள் வந்து விலை கேட்டார்கள். அண்ணன் மறுத்துவிட்டார். காரணம் கேட்டால் சிரிப்பார். 2023-இல் பணியிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரமே காரின்மேல் கிடந்த தார்ப்பாயை நீக்கினார்.

பழைய காரை மீட்டெடுப்பது எத்தகைய தவம் என்பதை அதன் பிறகே நான் அறிந்தேன். முன்முகத்தையும் கதவுகளையும் கழற்றி, உடலை அடிச்சட்டத்திலிருந்து பிரித்தார் அண்ணன். உடலைத் தாங்கும் பக்கச் சட்டங்கள் தொட்டால் உதிரும் நிலையில் இருந்தன. அவற்றை வெட்டியெடுத்துவிட்டுப் புதுத் தகடு வளைத்து வெல்டிங் செய்தார். எஞ்சினைப் பிரித்தபோது இன்னொரு சிக்கல். அந்தக் காலப் பெட்ரோலில் ஈயம் கலந்திருக்கும்; எஞ்சின் வால்வுகள் அமரும் இடம் தேயாமல் காத்தது அந்த ஈயம். 2000-இல் இந்தியா முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது. 1993-இல் உறங்கிவிட்ட எங்கள் ஹெரால்டு ஈயமில்லாப் பெட்ரோலை ஒருநாளும் சுவைத்ததில்லை! எனவே கடினமான உலோக வளையங்களைக் கடைந்து அந்த இடங்களில் பதிக்க வேண்டியதாயிற்று. இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால், பழைய ரப்பர்க் குழாய்களையும் எரிபொருள் பம்பின் ரப்பர்ச் சவ்வையும் மாற்றினார். உதிரிபாகம் தேடிச் சென்னை புதுப்பேட்டைக்கும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கும் எத்தனை பயணங்கள்! கிடைக்காதவற்றைத் தாமே செய்துகொண்டார். நாற்பது ஆண்டுகள் பிட்டராக உழைத்த கைகள் அல்லவா?

2024 சனவரியில் நான் வீட்டுக்குச் சென்றிருந்தேன். அதுவரை ஆன செலவு 3 இலட்சத்து 40 ஆயிரம் ரூபாய் என்று அண்ணி மெல்லிய குரலில் சொன்னார். எனக்குள் மறையுரையாளர் விழித்துக்கொண்டார். “அண்ணே, இந்தத் துருப்பிடித்த இரும்புக்கா ஓய்வூதியப் பணம்? என் பங்கில் கல்லூரிக் கட்டணம் கட்ட வழியில்லாத பிள்ளைகள் எத்தனை பேர் தெரியுமா? இதை விற்றிருந்தால் நாலு பேர் படித்திருப்பார்கள்” என்றேன்.

அண்ணன் கையிலிருந்த துணியை மடித்துப் பெட்டியின்மேல் வைத்தார். “சரிங்க சாமி” என்றார். அவ்வளவுதான்.

தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களில் இதன் பொருள் புரியும். ஊரார் முன்னிலையில் அண்ணன் என்னைச் சாமி என்பார். வீட்டுக்குள் நான் எப்போதும் தம்பிதான். அன்று வீட்டுக்குள்ளேயே சாமி ஆகிவிட்டேன். அதன்பின் இரண்டு மாதங்கள் அவரிடமிருந்து தொலைபேசி அழைப்பு இல்லை. நானும் அழைக்கவில்லை. ஏழைகளின் சார்பில் பேசியவன் எதற்காக இறங்கிப்போக வேண்டும் என்ற எண்ணம் எனக்கு.

புனித வாரத் திங்கள் வந்தது. அன்றைய நற்செய்தி யோவான் 12-ஆம் அதிகாரம் என்பதை நாம் அறிவோம். இலாசர் வாழ்ந்த பெத்தானியாவில் விருந்து. மரியா விலையுயர்ந்த நறுமணத் தைலத்தை இயேசுவின் பாதங்களில் பூசித் தம் கூந்தலால் துடைக்கிறார். முந்நூறு தெனாரியத்துக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று ஒருவர் முறையிடுகிறார். இருபத்தாறு ஆண்டுகளாக அந்தப் பகுதியை வாசித்து விளக்கியவன் நான். அன்றுதான், வாசித்துக்கொண்டிருந்தபோதே, அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரலாகக் கேட்டது. பொன்மலைக் கொட்டகையில் ஒலித்த என் குரல்! யூதாசின் வாக்கியத்தில் பிழையொன்றும் இல்லை, கணக்கும் சரிதான். ஆனால் அடுத்தவர் ஏன் தைலத்தை ஊற்றுகிறார் என்று அவன் கேட்கவே இல்லை. நானும் கேட்கவில்லை. மேலும், என் படிப்புக்காகத் தம் படிப்பை விட்டவரிடம், பிள்ளைகளின் படிப்பைக் காட்டியல்லவா நான் குற்றம் சாட்டினேன்! அன்றைய மறையுரையைச் சுருக்கமாக முடித்துக்கொண்டேன்.

உயிர்ப்புப் பெருவிழா முடிந்த செவ்வாயன்று பொன்மலைக்குச் சென்றேன். மன்னிப்புக் கேட்பதற்குச் சொற்களைத் தயாரித்து வைத்திருந்தேன். அண்ணன் காரின் அடியில் படுத்திருந்தார். என் காலடிச் சத்தம் கேட்டதும் அங்கிருந்தே, “நல்ல நேரத்துல வந்தீங்க. பிரேக்குல காத்து எடுக்கணும். ஒரு ஆளால முடியாது. உள்ளே ஏறி உக்காருங்க” என்றார்.

எண்ணெயால் இயங்கும் பிரேக்கின் குழாயில் காற்று புகுந்துவிட்டால் பெடல் பஞ்சுபோல் அமுங்கும், வண்டி நிற்காது. எண்ணெய் அமுங்காது, காற்று அமுங்கும் என்பதே காரணம். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் சக்கரத்தின் அருகே சிறு திருகைத் திறந்து காற்றை வெளியேற்றி, அவர் காலை எடுப்பதற்குள் அதை மூட வேண்டும். “மிதி... பிடி... விடாதே... இப்ப விடு” என்று கீழிருந்து குரல் வந்தது. ‘மிதிங்க’ எப்போது ‘மிதி’யாயிற்று என்று இருவருமே கவனிக்கவில்லை. நான்கு சக்கரங்களையும் முடிக்க ஒரு மணி நேரமாயிற்று. கண்ணாடிக் குப்பியில் குமிழிகள் நின்றன. பெடல் காலுக்குக் கீழே கல்லாய் நின்றது. தயாரித்து வந்த சொற்களில் பாதி தேவையற்றுப் போயின. மீதியைச் சொன்னேன். அவர் கைகளைத் துடைத்துக்கொண்டே, “அதை விடு. இங்கே வா, ஒண்ணு காட்டறேன்” என்றார்.

காரின் உடல் முழுவதும் டிங்கரிங் வேலை முடிந்து, வண்ணத்துக்குக் காத்திருந்தது. பின்புறத்தின் வலது மூலையில் மட்டும் உள்ளங்கையளவு ஒரு நசுங்கல் அப்படியே இருந்தது. துரு நீக்கிச் சுத்தம் செய்திருந்தார். ஆனால் தட்டி எடுக்கவில்லை. விட்டுப்போயிற்றா என்று கேட்டேன்.

“விட்டுப்போகல. விட்டு வச்சிருக்கேன். உன்னைக் குருமடத்துல விட்டுட்டுக் கிளம்பினோமே, அன்னைக்கு அப்பா பின்னால எடுக்கறப்ப வாசல் தூண்ல இடிச்சுட்டாரு. பதினாறு வருஷம் அந்த வண்டியில ஒரு கீறல் விழாம ஓட்டின மனுஷன். பிரேக் பிடிக்கலன்னு எல்லார்கிட்டேயும் சொன்னாரு. நான் பக்கத்துலதானே இருந்தேன். பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு. கண்ணுதான் தெரியல அவருக்கு.”

நாற்பது ஆண்டுகளாக என் தந்தையை அழாதவர் என்று எண்ணியிருந்தேன். என்னைக் காணிக்கையாக்கியதில் பெருமிதம் மட்டுமே கொண்டவர் என்று நினைத்திருந்தேன். குருமட வாசலில் திரும்பிப் பார்க்காமல் உள்ளே ஓடிய சிறுவனுக்கு அந்தத் தூணில் மோதிய ஓசை கேட்கவில்லை. அதைக் கேட்டவர் அருகில் அமர்ந்திருந்த அண்ணன். அந்த ஓசையை இரும்பில் பத்திரப்படுத்தி வைத்திருந்தவரிடம் நான் கணக்குக் கேட்டிருக்கிறேன்.

பழைய வாகனங்களைப் பேணுவோரின் உலகிலும் இதைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்திருக்கிறார்கள் என்பதைப் பின்னர் அறிந்து வியந்தேன். புனித தொன் போஸ்கோவின் நகரமாக நாம் அறிந்த தூரின் பெயரால் 2012-இல் அவர்களது உலகக் கூட்டமைப்பு ஒரு சாசனம் வகுத்தது. பழைய வாகனத்தைப் புதிதுபோல் மினுக்குவதே நோக்கமாகிவிடக் கூடாது. அதன் வாழ்வு அதன்மேல் பதித்த சுவடுகளும் மதிக்கப்பட வேண்டும் என்பது அதன் சாரம். நம் நாட்டிலும் 2021-இல் வந்த விதிகள், ஐம்பது ஆண்டுகளைக் கடந்து, அடிச்சட்டமும் உடலும் எஞ்சினும் பெருமாற்றமின்றி இருக்கும் வாகனங்களுக்குத் தனிப் பதிவு முறையை அளித்துள்ளன.

ஒரு கிறித்தவனுக்கு இது புதிய செய்தி அன்று. இரண்டாம் நூற்றாண்டில் லியோன் நகர ஆயரான புனித இரேனேயு, உடலை உதறிவிட்டு ஆன்மா மட்டும் தப்பிச் செல்வதே மீட்பு என்றவர்களை மறுத்து, கடவுள் தாம் படைத்த இந்தச் சதையையே மீட்கிறார் என்று வாதிட்டார். இறைவன் பழையதை எறிந்துவிட்டு மாற்றுப் பொருள் வாங்குபவர் அல்லர். உயிர்த்த ஆண்டவரின் மாட்சிமிகு உடலில் ஆணித் தழும்புகள் இருந்தன. சாவையே வென்றவருக்கு அவற்றை நீக்குவது கடினமா? அன்பு பட்ட காயங்கள் என்பதாலேயே அவை காக்கப்பட்டன. தோமாவுக்கு அவரை அடையாளம் காட்டியவையும் அவையே.

அப்படியானால் ஏழைகளை மறந்துவிட்டு இரும்பில் பணத்தைக் கொட்டலாமா என்று வாசகர் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களுக்கு 2017-இல் ஒரு லம்போர்கினி பந்தயக் கார் போன்றதொரு விலையுயர்ந்த வாகனம் பரிசாக அளிக்கப்பட்டது. அதை ஆசீர்வதித்துக் கையொப்பமிட்டு ஏலத்துக்கு அனுப்பினார். 7 இலட்சம் யூரோவுக்கு மேல் கிடைத்த தொகை அறப்பணிகளுக்குச் சென்றது. அதே திருத்தந்தைக்கு 2013-இல் இத்தாலியப் பங்குக் குரு ஒருவர், தம் மக்களிடையே பணிசெய்ய நெடுங்காலம் ஓட்டிய 1984-ஆம் ஆண்டு ரெனோ காரை அளித்தார். அதை அவர் மகிழ்வோடு ஏற்றுத் தாமே ஓட்டியும் பார்த்தார். விலையை மட்டும் பார்ப்பவனுக்கு இரண்டும் கார்கள். ஒன்று விற்கத்தக்க பொருள். மற்றொன்று ஒரு வாழ்வின் சாட்சி. எது எது என்று பகுத்தறிவதே ஞானம். என் பங்குப் பிள்ளைகளின் கட்டணத்துக்கு நான் வேறு கதவுகளைத் தட்ட வேண்டியிருந்தது, தட்டினேன். அந்தக் கடமை என்னுடையது; அண்ணனின் தைலக் குப்பியைப் பறித்து நிறைவேற்ற வேண்டியது அன்று.

அந்த ஆண்டு நவம்பரில், இறந்தோரை நினைவுகூரும் மாதத்தில் ஒரு நாள், அண்ணனும் நானும் அப்பாவின் கல்லறைக்கு ஹெரால்டில் சென்றோம். வெளிர்நீல வண்ணம் வெயிலில் மின்னியது. செபித்து முடித்துத் திரும்பியதும் அண்ணன் எஞ்சினை முடுக்கி, கல்லறைத் தோட்ட வாயில் தூண்களுக்கிடையே காரை மெல்லப் பின்னால் எடுத்தார். நான் இறங்கி நின்று வழி சொன்னேன். தூணுக்கு ஒரு சாண் தொலைவில் கார் நின்றது. பிரேக் நன்றாகவே பிடித்தது. அந்த வலது மூலையை ஒருமுறை தொட்டுவிட்டு முன்னிருக்கையில் ஏறி அமர்ந்தேன்.

“கதவை மெதுவாச் சாத்துடா தம்பி” என்றார் அண்ணன்.