வெண்ணெய் ஒட்டிய மரத்தட்டு

ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயர் பகுதியில் லாக் டே என்று ஒரு நீண்ட ஏரி. ஏறத்தாழ 2500 ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்தவர்கள் கரையை ஒட்டிய தண்ணீரில் ஆல்டர் மரத்தூண்களை இறக்கி, மேடை அமைத்து, அதன்மேல் வட்ட வடிவில் கூரை வீடு கட்டினார்கள். கரைக்குப் போய்வர ஒரு மரப்பாலம். இத்தகைய செயற்கைத் தீவு வீட்டை கிரானாக் என்கிறார்கள். அவற்றில் ஒன்றான ஓக்பேங்க்கை 1980 முதல் நிக்கோலஸ் டிக்சனின் குழு தண்ணீருக்கடியில் அகழ்ந்தது.

அங்கே கிடைத்தவை மனதை உலுக்கக்கூடியவை. மன்னன் பெயரோ வெற்றிச் சின்னமோ இல்லை. தரையில் பரப்பிய பெரணித் தழை, ஹேசல் கொட்டை ஓடு, கோதுமை, நெய்த துணியில் ஒரு துண்டு, வெண்ணெயின் பிசுக்கு இன்னும் ஒட்டியிருந்த ஒரு மரத்தட்டு. குளிர்ந்த நீரும் காற்றுப் புகாத சேறும் இவற்றை மக்கவிடவில்லை. கிளவுட்பெர்ரி விதைகளும் இருந்தன. அந்தப் பழம் உயரமான மலைச் சதுப்புகளில் விளைவது. யாரோ மலையேறிப் பறித்து வந்திருக்கிறார்கள். பசிக்காக மட்டும் அவ்வளவு தூரம் ஏறியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. வீட்டில் அதை விரும்பிக் கேட்ட ஒருவர் இருந்திருக்க வேண்டும்.

அருங்காட்சியகத்தில் அந்தத் தட்டின் முன்னால்தான் நான் வெகுநேரம் நின்றேன். பால் கறந்து, கடைந்து, வெண்ணெய் திரட்டி, பாத்திரம் கழுவி, மறுநாள் மீண்டும் அதையே செய்த கை யாருடையதென்று எவரும் எழுதி வைக்கவில்லை. நம் வீடுகளிலும் இந்த உழைப்பைக் கணக்கில் சேர்ப்பதில்லை. "சும்மா வீட்டில்தான் இருக்கிறாள்" என்ற பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வலிக்கும். அந்தக் காலத்து மக்களின் வாழ்க்கையை இன்று நமக்குச் சொல்வதே அந்த உழைப்பின் மிச்சம்தானே?

ஓக்பேங்க்கைப் பார்த்து ஏரியில் புதிதாகக் கட்டிக் காட்சிக்கு வைத்திருந்த பெரிய வீடு 2021 ஜூனில் தீப்பிடித்துச் சில நிமிடங்களில் எரிந்துபோனது. உயிர்ச்சேதம் இல்லை, அருங்காட்சியகப் பொருள்களும் தப்பின. வீட்டையும் அருங்காட்சியகத்தையும் நடத்திவந்த மையத்தார் ஓய்ந்து உட்காரவில்லை. வடகரையில் டாலர்ப் என்ற இடத்தில் இரும்புக்கால ஊர் ஒன்றை எழுப்பி 2024-இல் திறந்தார்கள். மரவேலை, நெசவு, சமையல் எல்லாம் அங்கே பார்வையாளர் கண்ணெதிரே நடக்கின்றன. பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் ஏரியைப் படமெடுத்ததோடு கிளம்பிவிடாதீர்கள். நூல் நூற்பவர் பக்கத்தில் பிள்ளைகளை உட்கார வையுங்கள். ஒரு முழம் நூலுக்கு எவ்வளவு நேரமாகிறதென்று அவர்களே பார்க்கட்டும்.